கேன்சல் அழுத்தினாலும் திறக்கும் கதவு

விண்டோஸ் 95 தொடங்கி விண்டோஸ் மில்லெனியம் வரை, கணினியைப் போட்டதும் மேகப்படம் மறைந்து திரை தெளியும் நேரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி குறுக்கே வந்து நிற்பதுண்டு. தலைப்பில் ‘எண்டர் நெட்வொர்க் பாஸ்வேர்டு’ என்று இருக்கும். பயனர் பெயருக்கு ஒரு கட்டம், கடவுச்சொல்லுக்கு ஒரு கட்டம், சில கணினிகளில் டொமைன் எனப்படும் அலுவலக வலையமைப்பின் பெயருக்கு மூன்றாவது கட்டம். பக்கத்தில் ஓகே, கேன்சல் என்று இரண்டு பொத்தான்கள். அலுவலகத்தில் இதற்குப் பொருள் இருந்தது. வேறு எந்தக் கணினியோடும் கம்பித் தொடர்பு இல்லாமல் மேசைமேல் தனியாக உட்கார்ந்திருந்த வீட்டுக் கணினியிலும் இது அன்றாடம் வந்து நின்றது. எந்தக் கடவுச்சொல்லைக் கேட்கிறது, அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறது என்பது உட்கார்ந்திருப்பவருக்கு விளங்காது. எரிச்சலில் கேன்சலை அழுத்தினாலோ பெட்டி ஒதுங்கி வழிவிட்டுவிடும். பெயர் கேட்கும் காவலாளி, பதில் சொல்லாதவரையும் உள்ளே விடுவது விந்தைதான். அதற்கான காரணம், கடவுச்சொல் கணினிக்குள் நுழைந்த வழியிலேயே கிடக்கிறது.

கணினியில் கடவுச்சொல் முதலில் புழங்கிய இடங்களில் பெயர் பெற்றது அமெரிக்காவின் எம்.ஐ.டி. அங்கே ஃபெர்னாண்டோ கார்பட்டோ தலைமையில் உருவாகி 1961 நவம்பரில் செய்துகாட்டப்பட்ட சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பில், ஒரே பெரிய கணினியைப் பலர் தனித்தனி முனையங்களில் உட்கார்ந்து பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் கோப்பை மற்றவர் தொடக் கூடாது. அவரவருக்கு ஒதுக்கிய கணினி நேரத்தை அவரவரே செலவிட வேண்டும். இந்த இரண்டுக்குமாகத்தான் கடவுச்சொல் வந்தது. வந்த சூட்டிலேயே உடைந்தும் போனது. ஒதுக்கப்பட்ட நேரம் போதாமல் தவித்த ஆய்வு மாணவர் ஆலன் ஷெர், 1962-இல் கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிட்டுத் தரும்படி துளையட்டை மூலம் கணினியிடம் கேட்டார்; அதுவும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. பின்னொரு சமயம், இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தியதில் கோப்புகள் இடம் மாறி, உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதில் கடவுச்சொல் பட்டியல் தெரிந்தது. ஆக, கடவுச்சொல் பிறந்தது கூட்டுக் குடித்தனத்தில். ஒரே கூரையின்கீழ்ப் பலர் இருந்ததால் அறைக்கு அறை தாழ்ப்பாள் தேவைப்பட்டது.

1970களின் பிற்பகுதியில் வந்த சிறு கணினிகள் தனிக் குடித்தனம். அவற்றுக்குத் தாழ்ப்பாள் தேவைப்படவில்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட பி.சி.யில் டாஸ் இயங்குதளம் எவர் பெயரையும் கேட்காது. சுவிட்சைப் போட்டால் தேதியும் நேரமும் கேட்கும், அவ்வளவுதான். எதிரே யார் உட்கார்ந்தாலும் அவரே உடைமையாளர். பாதுகாப்பு வேண்டியவர்களுக்கு 1984-இல் வந்த பி.சி.ஏ.டி. மாதிரியில் ஐ.பி.எம். நிஜமான பூட்டையே வைத்தது. முன்பக்கத்தில் சாவித் துளை; பூட்டினால் விசைப்பலகை வேலை செய்யாது. மேசை இழுப்பறைக்குப் போடும் பூட்டைப் போன்றதுதான், ஆனால் அது நேர்மையான பூட்டு. சாவி இல்லாமல் தட்டச்சு செய்ய முடியாது. பத்தாண்டு கழித்து வந்த சாம்பல் பெட்டியைப் பற்றி அப்படிச் சொல்ல வழியில்லை.

இந்தத் தனித்தனிக் கணினிகளை அலுவலகங்கள் மறுபடி கம்பியால் இணைக்கத் தொடங்கியபோது கடவுச்சொல்லும் திரும்பி வந்தது, ஆனால் வேறு இடத்தில். 1983-இல் நாவெல் நிறுவனம் வெளியிட்ட நெட்வேர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோப்புகள் எல்லாம் ஓர் அறையிலிருந்த சர்வரில் இருந்தன. மேசைக் கணினி துவங்கும்போது ஆட்டோஎக்ஸெக் என்னும் தொடக்கக் கோப்பு, வலையமைப்புக்கான இரண்டு சிறு நிரல்களை நினைவகத்தில் ஏற்றும். உடனே எஃப் என்ற புதிய வட்டு ஒன்று முளைக்கும். ‘ஈ’ வரையிலான எழுத்துகளை டாஸ் தன் சொந்த வட்டுகளுக்கு வைத்துக்கொண்டதால் வலையமைப்புக்குக் கிடைத்த முதல் எழுத்து எஃப். அந்த வட்டுக்குப் போய் லாகின் என்று அடித்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டும். தவறாகக் கொடுத்தால் சர்வர் கதவைத் திறக்காது. மேசைக் கணினியோ தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். பூட்டு சர்வரின் வாசலில் இருக்கிறது, மேசையில் இல்லை என்பது அன்று யாருக்கும் தெளிவாகத் தெரிந்தது. கேள்வியே வேண்டாம் என்றால் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் இருக்கும் அந்த இரண்டு வரிகளை அழித்தால் போதும்.

இந்தத் தெளிவைக் கலைத்தது மைக்ரோசாஃப்ட் 1992-இல் வெளியிட்ட விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ். இதில் தனி சர்வர் கிடையாது. பத்துப் பேர் இருக்கும் அலுவலகத்தில் ஒருவர் தன் ஃபோல்டரையும் இன்னொருவர் தன் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்வார்கள். ஒவ்வொரு பகிர்வுக்கும் ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒருவர் நாலைந்து கடவுச்சொற்களை நினைவில் வைத்திருக்க வேண்டிவரும். அந்தச் சுமையைக் குறைக்க மைக்ரோசாஃப்ட் ஒரு சாவிக்கொத்து செய்தது. பயனரின் எல்லாக் கடவுச்சொற்களும் அவர் பெயரின் முதல் எட்டு எழுத்துகளும் பி.டபிள்யூ.எல். என்ற பின்னொட்டும் கொண்ட ஒரு கோப்பில் மறைகுறியாக்கப்பட்டுக் கிடக்கும். காலையில் விண்டோஸ் துவங்கும்போது ஒரே ஒரு கடவுச்சொல் கொடுத்தால் கொத்து அவிழும். அதற்குப்பின் எந்தப் பகிர்வைத் தொட்டாலும் உரிய சாவியை விண்டோஸே எடுத்து நீட்டும். பெட்டி பிறந்தது இப்படித்தான். அது பயனரைக் கணினிக்குள் அனுமதிக்க வந்ததல்ல. சாவிக்கொத்தை அவிழ்க்க வந்தது. ஆனால் வந்து நின்ற இடம் வாசல். வாசலில் நிற்கிறவரைக் காவலாளி என்று எண்ணுவது மனித இயல்பு.

விண்டோஸ் 95 வெளியானது 1995 ஆகஸ்ட் 24. ஒர்க்குரூப்ஸ் பதிப்பில் தனியாக இருந்த வலையமைப்பு வசதி இதில் எல்லாருக்குமாகச் சேர்ந்தே வந்தது; சாவிக்கொத்தும் பெட்டியும் கூடவே வந்தன. வலையமைப்பே இல்லாத கணினியில் பெட்டி வராமல் இருந்திருக்கலாம். வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் மோடம். விண்டோஸ் 95-இன் கண்ணுக்கு, தொலைபேசி வழியாக இணையத்தை எட்ட உதவும் டயல்-அப் வசதியும் ஒரு நெட்வொர்க் கார்டு போன்றதே. அதை நிறுவியவுடன், கேட்காமலே, நெட்வேர் சர்வரோடு தொடர்புகொள்ளும் நிரலான கிளையன்ட், மைக்ரோசாஃப்ட் வலையமைப்புக்கான கிளையன்ட், அவை பேசும் நெறிமுறைகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிடும். பக்கத்து மேசையே இல்லாத வீட்டில், பக்கத்து மேசையின் பிரிண்டரை எட்டுவதற்கான ஏற்பாடு! மறுநாள் காலை பெட்டி வந்து நிற்கும். மோடம் வாங்கி இணைத்தவருக்கு இரண்டுக்கும் உள்ள தொடர்பு எப்படித் தெரியும்? வைரஸ் வந்துவிட்டது என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது அதே 1995-இன் ஆகஸ்ட் 15-ஆம் நாள். விண்டோஸ் 95 வருவதற்கு ஒன்பது நாள் முன்பு. தனியார் நிறுவனங்கள் 1998 நவம்பரில் களத்துக்கு வந்தன. தமிழ்நாட்டு வீடுகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் மோடத்தின் கிரீச்சொலி கேட்கத் தொடங்கிய காலமும் இந்தப் பெட்டியின் காலமும் ஏறத்தாழ ஒன்றே.

பெட்டி ஏன் பூட்டாக இருக்க முடியவில்லை என்பதற்கு விண்டோஸ் 95-இன் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். அது டாஸின்மேல் எழுப்பிய வீடு. அதன் ஃபேட் கோப்பு முறையில் எந்தக் கோப்புக்கும் உரிமையாளர் என்று ஒருவர் கிடையாது. ‘இது இன்னாருடையது’ என்று எழுதிவைக்க வட்டில் இடமே இல்லை. யாருக்குச் சொந்தம் என்று தெரியாத பொருளை யாரிடமிருந்து காப்பது? எனவே கேன்சலையோ எஸ்கேப் விசையையோ அழுத்தினால் விண்டோஸ் கொத்தை அவிழ்க்காமல் விட்டுவிட்டுத் தொடர்ந்து திறக்கும். அதைவிட வேடிக்கை, முன்பின் இல்லாத ஒரு புதுப் பெயரை அடித்து ஏதாவது ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்தால், இன்னொரு முறை அடித்து உறுதிப்படுத்தும்படி கேட்டுவிட்டு, அவரையும் இந்தக் கணினியின் பயனராகச் சேர்த்துக்கொள்ளும். எந்தச் சாவியைக் கொண்டுவந்தாலும் அதற்கேற்றபடி ஒரு பூட்டைச் செய்து மாட்டும் பூட்டுக்காரர்! நிர்வாகிகள் பாலிசி எடிட்டர் என்ற கருவியைக் கொண்டு, சர்வர் ஒப்புதல் இல்லாமல் விண்டோஸ் திறக்காதபடி செய்ய முடிந்தது. ஆனால் ஒரு துவக்க ஃபிளாப்பியைச் செருகினால் அந்த ஏற்பாடும் பயனற்றது.

சாவிக்கொத்தாவது பத்திரமாக இருந்ததா என்றால், தொடக்கத்தில் அதுவும் இல்லை. முதல் வெளியீட்டில் பி.டபிள்யூ.எல். கோப்பின் மறைகுறிக்குப் பயன்பட்ட திறவுகோல் 32 பிட் அளவே. அது உடைபடும் என்று சில மாதங்களிலேயே வெளியாட்கள் நிரூபித்துக் காட்ட, மைக்ரோசாஃப்ட் 1995 டிசம்பரில் 128 பிட் திறவுகோலுக்கு மாறும் திருத்தத்தை வெளியிட்டது. கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை அது பொருட்படுத்தவில்லை என்பதும் ஊகிப்பவர் வேலையை எளிதாக்கியது. 2000 அக்டோபரில் இன்னொரு ஓட்டை தெரியவந்தது: பகிர்ந்த ஃபோல்டர் ஒன்றின் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும்போது, எத்தனை எழுத்துகளை ஒப்பிட வேண்டும் என்பதைக் கேட்கிற கணினியே சொல்லலாம். ஒன்று போதும் என்று அது சொன்னால், முதல் எழுத்து மட்டும் பொருந்தினாலே கதவு திறக்கும். இணையத்தில் இருந்த வீட்டுக் கணினிகளுக்கு உண்மையான ஆபத்து இந்தப் பகிர்வுப் பக்கத்தில்தான் இருந்தது. எல்லாருக்கும் எரிச்சல் தந்த பெட்டி யாரையும் தடுக்கவில்லை. யார் கண்ணிலும் படாத பகிர்வு வசதி உள்ளே வழிவிட்டது.

பெட்டியை நீக்கும் வழிகள் இந்தப் பின்னணியில்தான் புரியும். முதலில் எந்தப் பெட்டி என்று பார்க்க வேண்டும். தலைப்பில் நெட்வொர்க் என்ற சொல் இருந்தால், மைக்ரோசாஃப்ட் வலையமைப்புக்கான கிளையன்ட்தான் கேள்வி கேட்கிறது. ‘வெல்கம் டு விண்டோஸ்’ என்று இருந்தால் கேட்பது விண்டோஸின் சொந்த நுழைவு. விண்டோஸ் 98-இல் ஃபேமிலி லாகான் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அது பயனர் பெயர்களைப் பட்டியலாகக் காட்டும்.

பலர் கையாண்ட நேரடி வழி, கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து அந்தக் கிளையன்டை அடியோடு அகற்றிவிடுவது. பெட்டி போய்விடும். அன்று மாலை இணையத்துக்கு டயல் செய்யும்போதுதான் விலை தெரியும்: ‘சேவ் பாஸ்வேர்டு’ என்ற கட்டம் மங்கிப்போய், டிக் செய்ய முடியாமல் கிடக்கும். விண்டோஸ் 95-இல் டயல்-அப் கடவுச்சொல்லும் அதே பி.டபிள்யூ.எல். சாவிக்கொத்தில்தான் இருந்தது, அந்தக் கொத்தை அவிழ்த்துக் கொடுத்ததோ இந்தக் கிளையன்ட். பெட்டியில் தினமும் கேன்சல் அழுத்தியவர்களுக்கும் இதே கதிதான். காலையில் ஒரு கடவுச்சொல்லைத் தவிர்த்ததற்கு, ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கடவுச்சொல் அடித்தார்கள். பெட்டிக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை. மோடம் சரியில்லை, இணைப்பு நிறுவனம் சரியில்லை என்று பழி எங்கெங்கோ போனது.

கிளையன்டை விட்டுவைத்துக்கொண்டே பெட்டியை அகற்றும் முறைதான் சரியான முறை. அதே நெட்வொர்க் பகுதியில் ‘பிரைமரி நெட்வொர்க் லாகான்’ என்ற பட்டியல் இருக்கும். அதில் மைக்ரோசாஃப்ட் கிளையன்டுக்குப் பதில் ‘விண்டோஸ் லாகான்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, கண்ட்ரோல் பேனலின் பாஸ்வேர்ட்ஸ் பகுதியில் யூசர் புரொஃபைல்ஸ் தாளுக்குப் போய், கணினியைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் ஒரே அமைப்பு என்ற வரியைக் குறிக்க வேண்டும். ஆளுக்கொரு முகப்பு என்று வைத்திருந்தால் எந்த ஆள் என்று விண்டோஸ் கேட்டுத்தான் ஆகும். மூன்றாவதாக, விண்டோஸ் கடவுச்சொல்லை வெறுமையாக்க வேண்டும். பாஸ்வேர்ட்ஸ் பகுதியிலேயே பழைய கடவுச்சொல்லை அடித்து, புதியதற்கான இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டு ஓகே கொடுத்தால் போதும்.

பழைய கடவுச்சொல் மறந்துபோனவர்கள் விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கும் பி.டபிள்யூ.எல். கோப்புக்கு வேறு பின்னொட்டு கொடுத்துவிட்டுக் கணினியை மறுபடி துவக்குவார்கள். கொத்து காணாமல் போனதால் விண்டோஸ் புதிதாக ஒன்றைக் கட்டும். டயல்-அப் கடவுச்சொல் உள்பட அதில் இருந்த பழையவை எல்லாம் போய்விடும். இந்தக் கட்டத்தில்தான் பலர் சறுக்கினார்கள். புதிய கொத்துக்குக் கடவுச்சொல் கேட்டு பெட்டி வரும்போது, பழக்கதோஷத்தில் கேன்சலை அழுத்திவிடுவார்கள். கேன்சல் என்றால் இன்று வேண்டாம் என்றே விண்டோஸ் பொருள் கொள்ளும். நாளை மறுபடி கேட்கும். கட்டத்தைக் காலியாக விட்டு ஓகே அழுத்தினால், வெறுமையே கடவுச்சொல் என்று எழுதிக்கொண்டு, அடுத்த முறை முதல் தானே கொத்தை அவிழ்த்துக்கொள்ளும். முந்தைய இரண்டு அமைப்புகளையும் மாற்றிவிட்டு ஒரே ஒருநாள் ஓகே அழுத்தியிருந்தால், ஆண்டுக்கணக்கில் கேன்சல் அழுத்திச் சலித்தவர்களின் தொல்லை தீர்ந்திருக்கும். அதைச் சொல்ல அந்தப் பெட்டியில் ஒரு வரி கூட இல்லை.

இவ்வளவு சுற்றிப் போக விரும்பாதவர்களுக்கு ட்வீக் யூ.ஐ. வந்தது. மைக்ரோசாஃப்டின் நிரலாளர் ரேமண்ட் சென் எழுதிய இந்தச் சிறு கருவி, பவர் டாய்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைத்தது; விண்டோஸ் 98-இன் குறுந்தகட்டிலும் ஒரு மூலையில் இருந்தது. துவங்கும்போது தானாக உள்நுழை என்று அதில் ஒரு கட்டம். பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருமுறை கொடுத்து டிக் செய்தால், பெட்டி வருமுன்பே விண்டோஸ் அதை நிரப்பிவிடும். ஆனால் அந்தக் கடவுச்சொல், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘டிஃபால்ட் பாஸ்வேர்டு’ என்ற பெயருக்கு நேரே யாரும் படிக்கும்படி அப்படியே எழுதப்பட்டிருக்கும். வெறுமையான கடவுச்சொல் வைத்திருக்கும் வீட்டில் இது பொருட்டில்லை. அலுவலகக் கடவுச்சொல்லையே அங்கே கொடுத்தவர்கள், வீட்டுச்சாவியை நிலைப்படிமேல் வைத்துவிட்டுப் போனவர்கள்தான்.

தனியாகச் சொல்ல வேண்டியது அலுவலகத்திலிருந்து கைமாறிய பழைய கணினிகளின் கதை. அவற்றில் ‘விண்டோஸ் என்.டி. டொமைனில் நுழை’ என்ற குறி அப்படியே இருக்கும்; மூன்றாவது கட்டத்தில் முன்னாள் நிறுவனத்தின் டொமைன் பெயர். வாங்கியவர் வீட்டில் போட்டால், எங்கோ இருக்கும் சர்வரைத் தேடிக் களைத்து, கடவுச்சொல்லைச் சரிபார்க்க டொமைன் சர்வர் கிடைக்கவில்லை என்று அறிவித்துவிட்டுத்தான் கணினி திறக்கும். வேலை விட்ட பிறகும் பழைய முதலாளி வீட்டு வாசலில் ஒருமுறை நின்றுவிட்டு வருகிற ஆளைப் போல. நெட்வொர்க் பகுதியில் கிளையன்டின் பண்புகளைத் திறந்து அந்தக் குறியை எடுத்தால் தேடல் நிற்கும்.

மைக்ரோசாஃப்டிடமே உண்மையான பூட்டும் அப்போது இருந்தது. 1993 ஜூலையில் வெளியான விண்டோஸ் என்.டி., டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்திலிருந்து வந்த டேவ் கட்லர் தலைமையில் அடிமுதல் புதிதாக எழுதப்பட்டது. அதன் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் உண்டு. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்திய பிறகே நுழைவுப் பெட்டி வரும். போலிப் பெட்டி காட்டி ஏமாற்றும் நிரல்களால் அந்த மூன்று விசைகளை இடைமறிக்க முடியாது என்பதே காரணம். அங்கே கேன்சல் அழுத்தினால் ஒன்றும் திறக்காது.

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. இந்த என்.டி. வழியை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தது. பெட்டி போய், படமும் பெயரும் காட்டும் வரவேற்புத் திரை வந்தது. கடவுச்சொல் இல்லாத ஒரே ஒரு கணக்கு மட்டும் இருந்தால் அந்தத் திரையும் வராமல் நேரே முகப்பு திறக்கும். இந்தச் சலுகையும் சில வீடுகளில் திடீரென நின்றது. டாட்நெட் 1.1 என்ற துணை மென்பொருளை நிறுவியபோது அது தன் உள்வேலைக்காக ஏ.எஸ்.பி. நெட் என்ற கணக்கை உண்டாக்கிக்கொள்ளும். கணக்கு இரண்டானதால் எக்ஸ்.பி. யார் என்று கேட்கத் தொடங்கியது. மோடம் பொருத்தியதும் பெட்டி வந்த பழைய கதைதான் வேறு உருவில் நடந்தது. ரன் கட்டத்தில் ‘கண்ட்ரோல் யூசர்பாஸ்வேர்ட்ஸ்2’ என்று அடித்துத் திறக்கும் தாளில், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கட்டாயம் என்ற குறியை எடுப்பதே அதற்கு மருந்து. இங்கே கடவுச்சொல் ரெஜிஸ்ட்ரியில் வெளிப்படையாகக் கிடக்காமல், இயங்குதளத்தின் மறைவான சேமிப்பில் வைக்கப்பட்டது.

விண்டோஸ் 95-க்கான ஆதரவு 2001-இன் முடிவிலும், விண்டோஸ் 98, மில்லெனியம் இரண்டுக்குமான ஆதரவு 2006 ஜூலை 11-ஆம் நாளும் நின்றன. பழைய விளையாட்டுகளுக்காகவும் பழைய இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்களுக்காகவும் அந்த இயங்குதளங்களை இன்றைய கணினிக்குள் மெய்நிகர் கணினியாக நிறுவுகிறவர்கள் இன்றும் உண்டு. மெய்நிகர் கணினியிலும் ஒரு நெட்வொர்க் கார்டு இருப்பதாக விண்டோஸ் 98 கண்டுகொள்கிறது. மைக்ரோசாஃப்ட் கிளையன்டைத் தானே நிறுவிக்கொள்கிறது. மறுதுவக்கத்தில் சாம்பல் பெட்டி வந்து நிற்கிறது. எஸ்கேப் விசை அங்கேயும் வேலை செய்கிறது.